மாயூரத்து முன்சீப்: ஒரு கத்தோலிக்கத் தமிழரின் சிந்தனை உலகம்

ஒருவன் தன் முன்னோர் சமயத்தை விட்டு வேறொரு சமயத்தைத் தழுவினால், அவனுடைய பண்பாடும் அத்துடன் மாறிவிடுமா? அயல்நாட்டிலிருந்து வந்த சமயத்தைப் பின்பற்றுவோன் தமிழ்ப் பண்பாட்டுக்கு ஓரளவு அயலானாகிவிடுகின்றானா? அன்றித் தமிழனாகவே நிற்க விரும்பினால், சமயப் பற்றைச் சற்றே தளர்த்திக் கொள்ளத்தான் வேண்டுமா? பல சமயத்தவர் கலந்து வாழும் இடங்களிலெல்லாம் இவ்வினாக்கள் எழுவதுண்டு. இவற்றுக்கு நூல்களில் விடை தேடுவோர் பலர். ஆனால் தம் வாழ்க்கையையே விடையாக விட்டுச் சென்றோர் சிலரே. அச்சிலருள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை.

தமிழின் முதற் புதினத்தை எழுதியவர் என்ற ஒரு குறிப்போடு பள்ளி நூல்கள் அவரை விட்டுவிடுகின்றன. அவர் கத்தோலிக்கர் என்பது பலர்க்குத் தெரியாது. தெரிந்தவருள்ளும் சிலர், தஞ்சையில் வாழ்ந்து ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடிய சீர்திருத்தச் சபைப் புலவர் வேதநாயக சாஸ்திரியாரோடு அவரை மயங்கி எண்ணுவர். சாஸ்திரியாரின் காலம் 1774 முதல் 1864 வரை. மாயூரத்தார் அவருக்கு ஏறத்தாழ இரண்டு தலைமுறை இளையவர். இவ்விருவரையும் வேறு பிரித்தறிந்த பின்னரே நாம் மேலே செல்லுதல் வேண்டும்.

முன்னோர் வகுத்த வழி

தமிழகத்துக் கத்தோலிக்கத்திற்கு ஒரு தனி வரலாறு உண்டு. 1606ஆம் ஆண்டு மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி என்னும் இத்தாலியத் துறவி, தம் நாட்டு உடையையும் உணவையும் விடுத்துக் காவியுடுத்தி, மரக்கறி உண்டு, தத்துவ போதகர் என்னும் பெயருடன் வாழ்ந்தார். சமயம் வேறு, ஐரோப்பியப் பழக்கவழக்கம் வேறு என்பதைத் தம் உடலைக் கொண்டே எடுத்துரைத்தவர் அவர். அவரது முறை அவருடைய சபையினர் சிலராலேயே எதிர்க்கப்பட்டது; உரோமாபுரி வரை வழக்குச் சென்றது. எனினும் அவ்வழி அடைபட்டுவிடவில்லை.

ஒரு நூற்றாண்டுக்குப் பின் வந்த வீரமாமுனிவர் (1680–1747) அவ்வழியை அகலப்படுத்தினார். சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு ‘தேம்பாவணி’ என்னும் பெருங்காப்பியம் பாடினார், ‘சதுரகராதி’ தொகுத்தார். அத்துடன் நில்லாது, அறிவிலிக் குருவும் அவரினும் அறிவிலிகளான சீடர்களும் படும் பாட்டைப் ‘பரமார்த்த குரு கதை’யாக எழுதிச் சிரிக்கவும் வைத்தார். வழிபாட்டுக்குரிய காப்பியமும் வயிறு குலுங்கச் சிரிக்கும் கதையும் ஒரே துறவியின் எழுத்தாணியினின்று பிறந்தன என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

ஆயினும் இவ்விருவரும் வெளியிலிருந்து வந்த துறவிகள். தமிழ்ப் பண்பாட்டைக் கற்றுத் தமதாக்கிக் கொண்டவர்கள். அப்பண்பாட்டிலேயே பிறந்து, மனைவி மக்களோடு வாழ்ந்து, அரசாங்க வேலை பார்த்த ஒரு கத்தோலிக்க இல்லறத்தான் இவ்வுலகை எவ்வாறு நோக்கினான்? இவ்வினாவுக்கு விடையாக வந்தவரே வேதநாயகம் பிள்ளை.

குளத்தூரிலிருந்து நீதிமன்றத்துக்கு

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 11ஆம் நாள், சவரிமுத்துப் பிள்ளை, ஆரோக்கிய மரியம்மாள் இணையருக்கு அவர் பிறந்தார். வேளாண் குடியிற் பிறந்த கத்தோலிக்கக் குடும்பம் அது. தொடக்கக் கல்வியைத் தந்தையாரிடமே கற்றார். பின்னர், நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த தியாகராச பிள்ளையிடம் ஆங்கிலமும் தமிழும் பயின்றார். திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராக 1848இல் வேலையில் அமர்ந்தவர், இரண்டாண்டில் மொழிபெயர்ப்பாளரானார். 1857இல் தரங்கம்பாடியில் மாவட்ட முன்சீப் ஆனார்.

தரங்கம்பாடி, 1706இல் சீகன்பால்கு வந்திறங்கியது முதல் சீர்திருத்தச் சபையாரின் தலைநிலமாக விளங்கிய ஊர். கத்தோலிக்கர் ஒருவர் அவ்வூரில் நீதிபதியாக அமர்ந்து, இந்துக்களும் முகம்மதியரும் இருவகைக் கிறித்தவரும் கொணர்ந்த வழக்குகளைக் கேட்டார். நம்பிக்கை வேறாயினும் நீதி ஒன்றே என்பதை நாள்தோறும் நடைமுறையிற் கற்றுத்தரும் ஆசனம் அது. பின்னர்ச் சீகாழியிலும், அதன்பின் நெடுங்காலம் மாயூரத்திலும் பணியாற்றினார். இன்று மயிலாடுதுறை என வழங்கும் அவ்வூரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

அக்காலத்து நீதிமன்றங்களின் தீர்ப்புகள் ஆங்கிலத்திலேயே இருந்தன. வழக்காடிய குடியானவனுக்குத் தான் வென்றதற்கோ தோற்றதற்கோ உரிய காரணம் விளங்கியதில்லை. இக்குறையைக் கண்ட வேதநாயகம் பிள்ளை, 1805 முதல் 1861 வரை சதர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புகளைத் தமிழிற் சுருக்கித் தந்து, ‘சித்தாந்த சங்கிரகம்’ என்னும் பெயரால் 1862இல் வெளியிட்டார். சட்டத் தமிழுக்கு இந்நூலே முன்னோடி எனலாம். அயலான் தன் மொழியைக் கற்பதைக் கண்டு பெருமிதம் கொள்வது எளிது. தன் மொழியில் நீதி வழங்கப்பட வேண்டும் என்று உழைப்பதே அரிது.

கையூட்டை அவர் கடிந்ததுபோல் அக்காலத்தில் வேறு எவரும் கடிந்ததில்லை எனலாம். 1859இல் வெளிவந்த ‘நீதிநூ’லிலும், பின்வந்த கீர்த்தனைகளிலும் கைக்கூலி வாங்கும் அலுவலரை அவர் விட்டுவைக்கவில்லை. வீதியில் நின்று ஏசுவோனுக்கு அது எளிது. அதே அலுவலகத்துள் அமர்ந்து, உடன் பணியாற்றுவோர் காதுபடப் பாடுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழந்தாளிடுதலும், திங்கட்கிழமை நீட்டிய பணப்பையைத் தள்ளுதலும் அவருக்கு ஒரே வழிபாட்டின் இரு பகுதிகளாக இருந்தன.

சைவப் புலவரும் கத்தோலிக்க நீதிபதியும்

வேதநாயகம் பிள்ளையின் உள்ளத்தை அறிய, அவர் கொண்ட நட்பை அறிதல் வேண்டும். திருவாவடுதுறை ஆதீனத்து மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876), தலபுராணங்கள் பலவற்றைப் பாடிய பெருஞ்சைவர். திருநீறு அணியாத நெற்றியோடு அவரை எண்ணிப் பார்க்கவும் இயலாது. அத்தகையவரும் கத்தோலிக்க முன்சீபும் நெருங்கிய நண்பர்கள். மகாவித்துவான் தம் நண்பரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு ‘குளத்துக் கோவை’ என்னும் நூலையே பாடினார். கோவை என்பது கடவுளர்க்கும் அரசர்க்கும் வள்ளல்களுக்கும் சூட்டப்படும் அகப்பொருள் இலக்கிய வகை. சைவ மடத்துப் புலவர் ஒருவர் அதனைக் கிறித்தவர் ஒருவருக்குச் சூட்டினார். வேதநாயகம் பிள்ளையும் ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரைப் புகழ்ந்து செய்யுட்கள் இயற்றினார். மகாவித்துவானின் மாணவராகிய உ. வே. சாமிநாதையர், தம் தன்வரலாற்றிலும் ஆசிரியர் வரலாற்றிலும் இந்நட்பின் செய்திகளைப் பதிந்து வைத்துள்ளார்.

இருவருள் எவரும் மற்றவரைத் தம் சமயத்துக்கு இழுக்க முயன்றிலர். எவரும் தம் சமயத்தை மறைத்து நடக்கவும் இல்லை. திருநீறு அழியவில்லை, சிலுவையும் ஒளியவில்லை. இடையே தமிழ் இருந்தது. இக்காலத்தில் ‘சமய நல்லிணக்கம்’ என்று மேடையிற் பேசப்படும் சொல்லுக்கு, அன்று காவிரிக் கரையில் நாள்தோறும் பொருள் விளங்கிற்று.

சமரசமும் சமயப் பற்றும்

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழும். எல்லாச் சமயத்தவரோடும் இவ்வாறு கலந்து பழகியவர், தம் சமயத்தில் உறுதியற்றவராக இருந்திருப்பாரோ என்பதே அது. அவர் இயற்றிய நூல்களின் பட்டியல் அவ்வையத்தைக் களையும். ‘திருவருள் மாலை’, ‘திருவருள் அந்தாதி’, ‘தேவமாதா அந்தாதி’, ‘பெரியநாயகி அம்மாள் பதிகம்’ ஆகியன கத்தோலிக்க பக்தியின் கனிகள். விருத்தாசலத்தை அடுத்த கோனான்குப்பத்தில் வீரமாமுனிவர் எழுப்பிய மாதா கோயில், பெரியநாயகி என்னும் இனிய தமிழ்ப் பெயரால் வழங்குவது. விருத்தாசலத்துச் சிவன் கோயிலில் எழுந்தருளிய அம்மைக்கும் அப்பெயர் உண்டு. ஒரு தாய்ப்பெயரை இரு சமயத்தாரும் தத்தம் அன்னைக்குச் சூட்டி அழைத்த மண்ணிலே, அந்தாதியும் பதிகமும் தேவமாதாவுக்கு உரியனவாவதில் வியப்பென்ன?

இத்தகைய பக்தரே 1878இல் ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’ என்னும் நூலையும் வெளியிட்டார். இறைவனை எச்சமயத்தவரும் தம் இறைவன் என்று கொண்டு பாடத்தக்க வகையில், குறித்த ஒரு சமயத்தின் பெயரோ அடையாளமோ சொல்லாது இசைப்பாடல்கள் அமைத்தார். அக்காலத்துக் கத்தோலிக்கர் பூசையில் இலத்தீனையே கேட்டனர். மற்றச் சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக உள்ள எதனையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் பேரவை அறிவித்தது 1965இல். குளத்தூர் இல்லறத்தாரின் கீர்த்தனை நூல் அதற்கு 87 ஆண்டுகள் முற்பட்டது. அவர் கொள்கை விளக்கம் எதுவும் எழுதினாரல்லர், பாட்டாகப் பாடினார். அண்டை வீட்டாரோடு ஒரு திண்ணையில் அமர்ந்து பாட வேண்டும் என்ற ஆசையே அவருக்கு வழிகாட்டியிருத்தல் வேண்டும்.

சமரசம் என்பது எல்லாவற்றையும் நீரில் கரைத்துச் சுவையற்றதாக்குவது அன்று. தம் வீட்டில் அந்தாதி பாடியவரே வீதிக்குச் சமரசக் கீர்த்தனை தந்தார். வீட்டில் விளக்கில்லாதவன் வீதிக்கு விளக்கேற்ற வந்தால் அவன் கையில் நெருப்பேது?

அக்கீர்த்தனைகள் இறை வணக்கத்தோடு முடிந்துவிடவில்லை. மனத்துக்கு அறிவுரை, பெற்றோர் கடமை, கணவன் மனைவியர் ஒழுக்கம், அலுவலர் நேர்மை என்று அன்றாட வாழ்வின் ஒவ்வொரு கூறும் இராகமும் தாளமும் பெற்றது. சமயம் வீட்டு முற்றத்திலும் அலுவலகத்திலும் நடமாட வேண்டியது என்பதே அவர் துணிபு.

பஞ்சம் வந்தபோது

1876 முதல் 1878 வரை தென்னாட்டை உலுக்கிய தாது ஆண்டுப் பஞ்சம், சமயம் பேசியோர் அனைவரையும் சோதித்தது. மக்கள் பசியால் மடிந்தனர், ஊர்கள் வெறுமையாயின. பணியினின்று 1872இலேயே விலகிவிட்ட வேதநாயகம் பிள்ளை, தம் கைப்பொருளைச் செலவிட்டுப் பசித்தோர்க்கு உணவளித்தார். வந்தவர் எச்சமயத்தவர் என்று அவர் வினவியதாகச் செய்தியில்லை. மழை வேண்டியும் பஞ்சத்தின் கொடுமையைக் கூறியும் கீர்த்தனைகள் பாடினார். ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’ பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார், இவ்வள்ளன்மையைக் கண்டு நெகிழ்ந்து இவர்மீது ஒரு கீர்த்தனையே இயற்றினார். தில்லைக் கூத்தனையே பாடிப் பழகிய நா, கத்தோலிக்கர் ஒருவரை மனமுவந்து பாடிற்று.

சிரிப்பும் கதையும்

சமயப் பற்றுடையோர் பொழுதுபோக்கை ஐயத்தோடு நோக்குவது உலக வழக்கம். கூத்தும் கதையும் மனத்தைக் கெடுக்கும் என்று அஞ்சுவோர் எல்லாச் சமயத்திலும் உளர். ஆயின் தமிழ்க் கத்தோலிக்கர், புனிதர் வரலாறுகளை வாசாப்பு நாடகங்களாக இரவெல்லாம் ஆடிக் களித்தவர்கள். வீரமாமுனிவரோ பரமார்த்த குருவைத் தந்தவர். இம்மரபில் வந்த வேதநாயகம் பிள்ளைக்கு, நகைச்சுவை அறத்துக்குப் பகையாகத் தோன்றாதது இயல்பே.

அவர் செய்யுளில் வல்லவர். ஆயினும் செய்யுளைப் படித்துத் திருந்துவோர் சிலரே என்பதை உணர்ந்தார். மக்கள் விரும்பிப் படிக்கும் உரைநடைக் கதை தமிழில் இல்லாத குறையைப் போக்க எண்ணி, வசன காவியம் ஒன்றை எழுதினார். 1879இல் அச்சேறிய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ அதுவே.

கதைத் தலைவன் பிரதாப முதலி, செல்வக் குடியிற் பிறந்தவன். அவன் பாடத்தில் தவறு செய்தால் அவனை அடிக்கக் கூடாது. உடன் பயிலும் கனகசபையை ஆசிரியர் அடிப்பார். செல்வர் வீட்டுக் கல்வியின் சீர்கேட்டை இதனினும் நயமாக எவரால் எள்ள இயலும்? படிப்பவர் முதலில் சிரிப்பார். பின்னர் அடிபட்ட சிறுவனை நினைந்து நாணுவார். சிரிப்பைக் கொண்டே மனச்சான்றைத் தொடுவது அவருக்குக் கைவந்த கலை.

செருப்புத் தைக்கும் தொழிலாளியின் வழக்கும் அவ்வகையினதே. அறுந்த செருப்பைத் தைத்துத் தந்தால் உன்னைச் சந்தோஷப்படுத்துவேன் என்கிறான் பிரதாபன். எத்துணைக் கூலி தந்தும், எனக்குச் சந்தோஷம் உண்டாகவில்லை என்று அத்தொழிலாளி மறுத்துக்கொண்டே இருக்கிறான். வழக்கு வளர்ந்து பிரதாபன் சிறை புகுகின்றான். பின்னர், ஆணுடையில் வந்து அவ்வூர்க்கே அரசாகிவிட்ட அவன் மனைவி ஞானாம்பாள் அவ்வழக்கை விசாரிக்கின்றாள். நாம் பட்டம் சூடியதில் உனக்குச் சந்தோஷந்தானே என்று அவள் வினவ, இல்லை என்று சொல்ல அஞ்சிய அத்தொழிலாளி, சந்தோஷமே என்கிறான், வழக்குத் தீர்ந்தது. நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் சொற்சிலம்பம் கேட்டுச் சலித்த முன்சீபின் புன்னகை இக்கதையில் ஒளிர்கின்றது.

ஆங்கிலம் அறியாத மக்களின் வழக்குகளைத் தமிழரான வழக்கறிஞர், தமிழரான நீதிபதியின் முன் ஆங்கிலத்தில் வாதிடும் கூத்தையும் இந்நூலில் அவர் சாடுகின்றார். பிறமொழி கற்றலை அவர் வெறுத்தாரல்லர். ஆங்கிலத்தால் உயர்ந்தவர் அவர். தாய்மொழியைக் கைவிட்டு அதனைப் பற்றுவதையே வெறுத்தார். இதனைச் சொல்லக் கட்டுரை எழுதாமல் கதை எழுதியது அவருடைய நுண்ணறிவு. கட்டுரை கற்றோரோடு நின்றுவிடும். கதையோ, ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்கும் திண்ணைக்குச் செல்லும்.

பெண்மையைப் பற்றிய நோக்கு

ஞானாம்பாள் கணவனினும் அறிவுடையவள். ஆட்சி நடத்தும் ஆற்றல் பெற்றவள். இப்படைப்பு திடீரெனத் தோன்றியதன்று. பெண்களுக்கென்றே ‘பெண்மதி மாலை’ பாடி, ‘பெண் கல்வி’, ‘பெண் மானம்’ என்னும் உரைநடைகளையும் அவர் முன்னரே எழுதியிருந்தார். மாதின் கல்வி மனைக்குக் கேடு என்று கற்றோரும் நம்பிய காலம் அது. 1887இல் அவர் எழுதிய இரண்டாம் கதையும் ‘சுகுண சுந்தரி’ என்னும் பெண்ணின் பெயரையே தாங்கி வந்தது.

குறைகளும் உளவோ?

ஒருவரைப் போற்றுங்கால் அவர்தம் குறைகளை மறைத்தல் வரலாறாகாது. பிரதாப முதலியார் சரித்திரத்தில் கதைக்குள் கதை மிகுந்து நடை தளர்கின்றது. பாத்திரங்கள் பேசத் தொடங்கினால் சொற்பொழிவாற்றாமல் நிற்பதில்லை. 1896இல் நூலுருப் பெற்ற இராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ கலையழகில் இதனை விஞ்சியது என்பர் திறனாய்வாளர். ஆளத் தெரிந்த ஞானாம்பாளும் இறுதியில் அரசைத் துறந்து கணவன் நிழலிலேயே அமைகின்றாள். உழுது உழைத்த ஏழை மக்கள் கதையின் ஓரத்திலேயே நின்றுவிடுகின்றனர். சாதி அமைப்பின் வேரை அவர் அசைத்துப் பார்த்தாரல்லர். அது கோயிலுக்குள்ளும் நுழைந்திருந்த காலம் அது என்பதை நினைக்குங்கால் இக்குறை நெஞ்சை உறுத்தவே செய்கின்றது.

மற்றொன்றும் நினைக்கத் தக்கது. கத்தோலிக்கர் எழுதிய இப்புதினத்தின் தலைவன் தலைவியர் கத்தோலிக்கரல்லர். தம் சமயத்தாரின் வீட்டு வாழ்க்கையை அவர் கதையாக வடித்திருப்பின், பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கிறித்தவர் எவ்வாறு உண்டனர், உடுத்தனர், மணந்தனர், சிரித்தனர் என்பதற்கு அரியதோர் ஓவியம் கிடைத்திருக்கும். அவ்வாய்ப்பைத் தமிழ் இழந்தது. ஆனால் அவர் தமக்குரிய வாசகரைத் தம் சமயத்தாரோடு நிறுத்திக்கொள்ள விரும்பவில்லை. கத்தோலிக்கத்தைப் பற்றி எழுதாமல், கத்தோலிக்கராக இருந்து அனைவர்க்கும் எழுதினார். இறை நம்பிக்கை, வாய்மை, ஏழைக்கு இரங்குதல், இல்லறத் தூய்மை ஆகியன ஒரு சமயத்தின் முத்திரை குத்தப்படாமலே அந்நூல் முழுதும் பரவிக் கிடக்கின்றன. உப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. உணவு முழுவதிலும் இருப்பதை நாவே அறியும்.

முடிவுரை

மாயூரம் நகராட்சித் தலைவராகவும் தொண்டாற்றிய வேதநாயகம் பிள்ளை, 1889ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 21ஆம் நாள் இயற்கை எய்தினார். மாதா கோயிலில் வணங்கிய அவரைச் சைவ மடத்துப் புலவர் பாடினார். நந்தனைப் பாடிய வைதிகர் பாடினார். இன்றளவும் அவர் கீர்த்தனைகளைச் சமய வேறுபாடின்றி இசைவாணர் பாடுகின்றனர்.

தொடக்கத்தில் எழுந்த வினாக்களுக்கு இனி விடை காணலாம். சமயம் மாறினால் பண்பாடு அறுந்துவிடும் என்று அஞ்சுவோர்க்குக் ‘குளத்துக் கோவை’ விடை கூறும். பண்பாட்டைக் காக்கச் சமயத்தைத் தளர்த்த வேண்டும் என்போர்க்குத் ‘தேவமாதா அந்தாதி’ விடை கூறும். சமயப் பற்றுடையோன் சிரிக்கலாகாது என்போர்க்குச் செருப்புத் தைத்தவனின் வழக்கு விடை கூறும். வழிபாடு வேறு, வாழ்க்கை வேறு என்போர்க்கோ, கைக்கூலி வாங்காத கைகளும் பஞ்சத்தில் சோறிட்ட கைகளும் விடை கூறும்.

அவரைத் தமிழின் முதற் புதின ஆசிரியர் என்று மாணவர்க்குச் சொல்லித் தருவது தகும். அத்துடன் ஒரு சொல்லையும் சேர்த்துச் சொல்லித் தருதல் வேண்டும்: தம் வீட்டுக் கதவைத் தாழிடாமலே தம் வீட்டில் வாழத் தெரிந்தவர் அவர் என்பதை.